ஏழாவது கையெழுத்து

பொன்மலர் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பன்னிரண்டாம் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும், சாந்தமே உருவான, சாக்கடை அடைத்தாலும் சிரித்த முகம் மாறாத எங்கள் தலைவர் மதியழகன் அவர்களே! எதைக் கேட்டாலும் "குரூப்ல போட்டிருக்கேன், பாருங்க சார்" என்று ஒரே வரியில் உலகை வெல்லும் செயலாளர் ஷ்யாம்சுந்தர் அவர்களே! சேலையூரிலிருந்து கேம்ப் ரோடு நெரிசலைக் கடந்து, களைத்து, கடைசியில் கரையேறி வந்திருக்கும் கனவான்களே! முடிச்சூரிலிருந்து வந்திருக்கும், ஏரி வெள்ளத்தில் முங்கியெழுந்த நாள் முதல் வெயில் கொளுத்தும் நாளிலும் எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் மாடிப்படி எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டே உட்காரும் மதிப்பிற்குரிய நண்பர்களே! மாதரசிகளே, தாய்மார்களே, மூத்தோர்களே, பின்வரிசையில் கேசரி வாசனையின் திசை பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும் பெருமக்களே! முன்வரிசையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசி யூனிஸ் அவர்களே! உங்கள் எல்லோர் முன்னாலும் தலை தாழ்த்தி நிற்கிறேன்.

என்ன சார்? வணக்கத்துக்கே ஐந்து நிமிடமா என்கிறீர்களா? ஐயா, இது சுருக்கிய வணக்கம். முழு வணக்கம் கேட்டவர்கள் சிலர் இன்னும் பல்லாவரம் மண்டபத்தில் தூங்கிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

என் பெயர் தனசிங். முப்பத்தோரு ஆண்டு கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினேன். மாணவர்கள் முப்பத்தோரு ஆண்டு பொறுத்துக்கொண்டார்கள். கூடவே பட்டிமன்றம்; ஓய்வு பெற்ற பிறகு அதுவே முழுநேரம். இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு, "அரசின் கொள்கையில் முந்தி நிற்க வேண்டியது பொருளாதார வளர்ச்சியா, சமூக நலனா?" தலைவர் இந்தத் தலைப்பைச் சொன்னதும் எனக்கு ஒரே மகிழ்ச்சி. ஏன் தெரியுமா? என் வீட்டு அலமாரியில் இதற்கு இரண்டு கோப்புகள் தயாராக இருக்கின்றன. பச்சைக் கோப்பில் "வளர்ச்சியே வழி". மஞ்சள் கோப்பில் "நலமே நாட்டின் பலம்". எந்த அணியில் ஆள் குறைகிறதோ அந்த அணிக்கு நான். பல்லாவரத்தில் வளர்ச்சிக்காக வானம் அதிர முழங்கினேன். மறுவாரம் குரோம்பேட்டையில் நலத்துக்காக நா தழுதழுக்கப் பேசினேன். இரண்டு ஊரிலும் அதே கைதட்டு, அதே சால்வை.

ஒரு நாள் மேடவாக்கத்தில் கோப்பு மாறிவிட்டது. வளர்ச்சி அணியில் உட்கார்ந்துகொண்டு பத்து நிமிடம் நலத்துக்காகப் பொங்கினேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நடுவர் என் வாதத்தை எடுத்துக்காட்டி வளர்ச்சி அணிக்கே தீர்ப்பு சொன்னார். இரண்டு கோப்புக்கும் கடைசிப் பக்கம் ஒன்றுதான் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். "எழுக, விழிக்க, வெல்க" என்று முடியும். எதை வெல்வது என்று யாரும் கேட்டதில்லை.

கைதட்டாதீர்கள், கைதட்டாதீர்கள். இன்று இரண்டு கோப்பும் என்னிடம் இல்லை. யூனிஸ் அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டுவிட்டார். "கங்கையம்மா வந்து உட்கார்ந்து கேக்கப் போறாங்க. நடந்ததை ஒழுங்கா சொல்லிட்டு இறங்குங்க" என்று உத்தரவு. அதோ, பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில், நாற்காலி நுனியில், இப்பவோ அப்பவோ எழுந்து போய்விடுவது போல உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் கங்கையம்மாள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பதினான்கு ஆண்டுகளாக அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு நம் தெருக்களில் மீன் விற்றவர். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவர் குரல் கேட்டால்தான் ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து மணிக்குக் கரையிலிருந்து புறப்படும் சாதாரணக் கட்டணப் பேருந்தில் ஏறுவார். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத அந்தப் பேருந்து ஆறு மணிக்கு ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனுக்கு வந்து சேரும். ஆறரைக்கு அவர் நம் வாசலில் நிற்பார்.

போன மாதம் அந்தப் பேருந்து நின்றுபோனது. ஏன் நின்றது? எவன் நிறுத்தினான்? எந்தப் பாவி அந்தப் பாதகத்தைச் செய்தான்? என்று மூன்று முறை கேட்டு, மூன்றாவது முறை மேசையைக் குத்துவது என் வழக்கம். இன்று குத்தினால் என் மீதே விழும். நிறுத்தியவன் நான்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரி கூட்டத்தில் நம் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. நம் நகரிலிருந்து ஐ.டி. கம்பெனிகளுக்குப் போகும் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்து, சோழிங்கநல்லூருக்கு ஒரு குளிர்சாதனப் பேருந்து வேண்டும் என்று கேட்டோம். நியாயமான கோரிக்கை. என் மருமகள் ஜோசலினும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். மனு எழுதும் பொறுப்பை, தமிழ் நன்றாக வரும் என்று நம்பி, என்னிடம் கொடுத்தார்கள். அங்கேதான் சங்கம் தவறு செய்தது.

நம் நகரின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதலில் கையெழுத்து, பிறகுதான் மனு. ஒன்று முதல் இருபத்தைந்து வரை நம்பர் போட்ட கோடு போட்ட தாள் வாசல் வாசலாக வரும். "எதுக்கு?" என்று கேட்டால் "ஏரியா நன்மைக்கு" என்பார்கள். நாமும் பேனாவை வாங்கிப் போட்டுவிட்டு, பாலைக் காய்ச்சப் போய்விடுவோம். தெருநாய்க்காக வாங்கிய தாள் மிச்சமிருந்தால் தெருவிளக்கு மனுவோடு குண்டூசி போட்டுக் கோத்துவிடுவார் ஷ்யாம்சுந்தர். தலையாட்டாதீர்கள் செயலாளரே, சரோஜினி தெருக்காரர்கள் இறந்துபோன தங்கள் தாத்தா போன மாதம் கொசுமருந்து கேட்டு மனு கொடுத்ததாக இன்னும் பெருமையாகச் சொல்கிறார்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை. என் வாசலில் தாளோடு நின்றேன். முதல் கையெழுத்து என்னுடையது. அடுத்து யூனிஸ், என் மகன் ஸ்டெபின், ஜோசலின், எதிர் வீட்டுத் தம்பதி. ஆறு ஆயிற்று. அந்த நேரம் பார்த்துக் கங்கையம்மா கூடையோடு வந்தார். இருநூறு கையெழுத்து வேண்டும் என்று தலைவர் சொல்லியிருந்தார். எனக்கு எண்ணிக்கை முக்கியம். "கங்கையம்மா, நம்ம ஏரியாவுக்குப் புது பஸ் வரப் போகுது. ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

"புது பஸ்ஸா? மவராசனா இரு சார். இப்ப வர்றதுல ஒரே கும்பலு, கூடைய வெக்க எடம் கெடைக்கல. குடு, போடறேன்" என்றார்.

கூடையை இறக்கினார். முந்தானையில் கையை ஒன்றுக்கு இரண்டு தரம் துடைத்தார். தாளில் ஈரம் படக் கூடாதாம். என் வாசல் கேட்டின் மீது தாளை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, கங்கை என்று எழுதினார். அவருக்கு எழுதத் தெரிந்ததே அந்தப் பெயர் ஒன்றுதான். எழுதி முடித்துவிட்டுத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாக் கீதா சார்?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். எவ்வளவு துடைத்தும் அவர் கையிலிருந்த ஒரு மீன் செதில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. நானும் அதைத் தட்டிவிடவில்லை.

அன்று மாலை மனு எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம்! முதல் மூன்று பக்கம் அதிகாரிகளுக்கு விளிப்பு. கோரிக்கை நாலாவது பக்கத்தில் நடுவில் எங்கேயோ பதுங்கியிருந்தது. சங்கம் கேட்டது இன்னொரு பேருந்து, கூடுதலாக. அதை அப்படியே எழுதியிருக்கலாம். ஆனால் எழுதுவது யார்? ஏழு மாவட்டத்தில் சால்வை வாங்கிய வாய் அல்லவா! "ஆமையென அசைந்து வரும் ஆறு மணிச் சாதாரணப் பேருந்தை அறவே அகற்றி, அவ்விடத்தில் அங்கங்கே நில்லாத அழகிய குளிரூட்டிய பேருந்தை அருள்கூர்ந்து அளித்திடுமாறு" என்று எழுதிவிட்டு, நானே இரண்டு முறை உரக்கப் படித்து ரசித்தேன். அகற்றச் சொல்லி யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. மோனைக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. மோனைக்காக ஒரு பேருந்தையே பலி கொடுத்தவன் இந்த மாநகராட்சி எல்லைக்குள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லை எழுதும்போது என் மனதுக்குள் ஒரு சின்னக் குரல் கேட்கத்தான் செய்தது. அந்தப் பேருந்தில் வருகிறவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டது. "இலவசமாகத்தானே வருகிறார்கள், வேறு பேருந்தில் வந்துகொள்ளட்டும்" என்று நான்தான் அதன் வாயை அடைத்தேன்.

யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியமும் இருந்தது. நம்மில் ஒருவர்கூடப் படிக்கவில்லை. தலைவர் "அருமை சார்" என்றார். செயலாளர் குரூப்பில் போட்டார். நாற்பது பேர் கைகூப்பும் படம் போட்டீர்கள். ஆனால் நான் நினைத்தே பாராத ஆபத்து ஒன்று இருந்தது. போக்குவரத்துக் கழக அலுவலகத்தில் ஓர் அதிகாரி மனுவை முழுவதும் படித்துவிட்டார்! என் வாழ்நாளில் என் எழுத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த ஒரே மனிதர் அவர். கையெழுத்தை எண்ணினார், இருநூற்றுப் பன்னிரண்டு. மக்கள் கேட்கிறார்கள் என்று எழுதி, கேட்டதைக் கேட்டபடி செய்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை குளிர்சாதனப் பேருந்து வந்தது. வாழை மரம் கட்டினோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். மதியழகன் எனக்குச் சால்வை போர்த்தி, முதல் பயணியாக ஏறச் சொன்னார். ஏறினேன். கதவு மூடியது. திரும்பிப் பார்த்தால் வண்டியில் ஓட்டுநர், நடத்துநர், சால்வை, நான். வேறு ஓர் ஆள் இல்லை.

நடத்துநர் வந்தார். கம்பீரமாகச் சட்டைப் பையில் கைவிட்டு எடுத்து நீட்டினேன். என்ன எடுத்து நீட்டினேன் தெரியுமா? மூத்த குடிமக்களுக்கு மாதம் பத்து என்று அரசு இலவசமாகத் தருகிறதே, அந்த டோக்கன்!

"பெரியவரே, இது இந்த வண்டில செல்லாது. ஏசி வண்டி இது" என்றார்.

அடுத்தவர் இலவசத்தை அகற்ற நாலு பக்கம் எழுதியவன், தன் இலவசத்தைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். "சரி தம்பி, அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்கிறேன்" என்றேன்.

"அடுத்த ஸ்டாப்பா? சோழிங்கநல்லூர்தான். நடுவுல எங்கயும் நிக்கக் கூடாதாம். எவனோ எழுதிக் குடுத்துக்கீறான்" என்றார்.

எவன் என்று நான் சொல்லவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். குளிர் எலும்பைத் துளைத்தது. முப்பது ஆண்டில் எனக்குப் போர்த்திய சால்வைகளில் பயன்பட்டது அது ஒன்றுதான்.

பேருந்து ஏன் காலி? யாருக்காகக் கேட்டோமோ அந்தப் பிள்ளைகள் எங்கே? திரும்பி வர மூன்று ஷேர் ஆட்டோ மாறினேன். வீடு வந்து சேரும்போது மணி பத்து. வாசலில் ஜோசலின் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் என் எட்டு மாதப் பேத்தியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்மா நீ போகலை? உனக்காகத்தானே பஸ்ஸு?" என்றேன்.

"செல்லம்மா அக்கா வரலை மாமா. அவங்க வந்தாத்தானே பாப்பாவை விட்டுட்டு நான் கிளம்ப முடியும்? போன் பண்ணினேன். ஆறு மணி பஸ்ஸை நிறுத்திட்டாங்களாம்" என்றாள்.

செல்லம்மா பெரும்பாக்கத்திலிருந்து அதே பேருந்தில்தான் வந்துகொண்டிருந்தார். நம் நகரில் சமைப்பவர்கள், குழந்தை பார்ப்பவர்கள், படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர்களுக்குக் கைகொடுப்பவர்கள் எல்லோரும் அதில்தான் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் ஆறு மணிக்கு வந்து இறங்கினால்தான் நம் பிள்ளைகள் எட்டரை மணிக்கு ஏற முடியும். இந்தச் சின்ன விஷயம் என் வீட்டில் பொருளாதாரம் படித்த ஒருவனுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

"இந்தாங்க" என்று யூனிஸ் பேத்தியைத் தூக்கி என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு மாதம். வீட்டு வேலை தேசிய வருமானக் கணக்கில் சேராது என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியவன் நான். இந்த ஒரு மாதமாக அந்தச் சேராத வருமானத்தைத் துவைத்து, அலசி, மொட்டை மாடியில் காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன். மாடியில் என்னைப் போலவே மூன்று ஓய்வு பெற்ற அதிகாரிகள் நிற்பதைப் பார்த்தேன். பெயர் சொல்லவில்லை, இரண்டாவது வரிசையில் குனிந்துகொள்ள வேண்டாம். அப்படியும் நான் ஒருவன் போதவில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஜோசலினே விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்து, இனி எடுத்தால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவளுக்காக ஓடிய பேருந்து அவள் இல்லாமல் தினமும் குளுகுளுவென்று போய்வந்தது.

பத்து நாள் முன்னால், காலை ஒன்பது மணிக்குக் கங்கையம்மா குரல் கேட்டது. ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன்.

"எங்க கங்கையம்மா மூணு வாரமா ஆளையே காணோம்?" என்றேன்.

"எதுல வர்றது சார்? கூடைய பாத்தாலே ஷேர் ஆட்டோக்காரன் ஏத்த மாட்டேன்றான். வாடை அடிக்குதாம். கெஞ்சிக் கூத்தாடி வந்து சேர்றதுக்குள்ள ஒம்போது ஆய்டுது. ஒம்போது மணிக்கு இங்க எவன் சார் மீன் வாங்குறான்? எல்லாம் வூட்டப் பூட்டிகினு வேலைக்குப் பூடுறீங்க" என்றார்.

"பஸ் ஆபீஸுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன். பாருங்கள், எவ்வளவு நல்லவன் மாதிரி கேட்கிறேன்!

"கேக்காம இருப்பனா? போனேன். எங்க பஸ்ஸ ஏன்யா நிறுத்துனீங்கன்னு சத்தம் போட்டேன். அந்த மனுசன் நல்ல மனுசன்தான். பைல எடுத்தாந்து காட்டுனாரு. உங்க ஜனங்களே வோணாம்னு எழுதிக் குடுத்துக்கீறாங்கம்மான்னாரு. எவன்டா அவன்னு தாளை வாங்கிப் பாத்தேன் சார்."

அங்கே நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏழாவதா என் கையெழுத்து கீது. பக்கத்துல செதிலு. காஞ்சி போய் ஒட்டிகினு கீது."

அன்று அவர் தாளை வைத்து எழுதிய என் வாசல் கேட்டைப் பார்த்தேன். 

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். எம் பேரு ஒண்ணுதான் எழுதத் தெரியும். அத நம்பி உன்னாண்ட குடுத்தேன். எம் பொழப்ப எடுக்கறதுக்கு எங்கையாலயே போட வெச்சிட்டியே" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, "இந்த மாசத்தோட சரி. கரையிலயே வியாபாரியாண்ட போட்டுட்டு வூட்ல குந்திக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். யூனிஸ் பார்த்தார். பார்க்காதது போல உள்ளே போய்விட்டார்.

அன்றே மதியழகனைக் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். அந்த அதிகாரி, "ஐயா, நீங்கதான் அந்த நாலு பக்கமா?" என்று எழுந்து நின்று கேட்டார். வரும் புதன்கிழமை வழித்தடங்களை மறுபரிசீலனை செய்கிறார்கள். அதற்குள் புது மனு கையெழுத்தோடு வந்தால் ஆறு மணிப் பேருந்தைத் திரும்ப விடலாம், தவறினால் அடுத்த பரிசீலனை ஆறு மாதம் கழித்துத்தான் என்றார். "கொஞ்சம் சுருக்கமா எழுதுங்க ஐயா" என்றும் கேட்டுக்கொண்டார்.

பெருமக்களே! இப்போது தலைப்புக்கு வருகிறேன். வளர்ச்சியா, நலமா?

செயலாளர் நேற்று என்னிடம் கேட்டார்: "எல்லாத்தையும் சும்மா குடுத்துக்கிட்டே இருந்தா அரசாங்கம் எங்க சார் போகும்? பணம் என்ன மரத்துலயா காய்க்குது?" சரியான கேள்வி. காய்க்கவில்லை. ஜோசலின் போன்றவர்கள் வேலைக்குப் போய் வரி கட்டுவதால்தான் கங்கையம்மாவின் பேருந்துக்கு டீசல் ஊற்ற முடிகிறது. தொழில் வர வேண்டும், சாலை வர வேண்டும், குளிர்சாதனப் பேருந்தும் வரத்தான் வேண்டும். வளர்ச்சி வேண்டாம் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அந்தப் பேருந்தில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையும் எனக்குப் பிள்ளைதான்.

ஆனால் நான் கேட்கிறேன். ஜோசலின் யார் வந்ததால் வேலைக்குப் போனாள்? செல்லம்மா வந்ததால். செல்லம்மா எதனால் வந்தார்? ஆறு மணிப் பேருந்தால். அந்தப் பேருந்து எதனால் ஓடியது? ஜோசலின் கட்டிய வரியால். இதில் எது வளர்ச்சி, எது நலம்? எங்கே கோடு போட்டுப் பிரிப்பீர்கள்? பச்சைக் கோப்பில் எதை வைப்பீர்கள், மஞ்சள் கோப்பில் எதை வைப்பீர்கள்? முப்பது ஆண்டு நான் பிரித்துக் காட்டினேன். பிரித்துக் காட்டிச் சால்வை வாங்கினேன். என் வீட்டு வாசலிலேயே அது பிரியாமல் நின்றதைப் பார்க்கவில்லை.

கொடுப்பதெல்லாம் நலம் என்றும் நான் சொல்லமாட்டேன். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் போதாத நாள் வரும். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று அரசு முடிவெடுக்கத்தான் வேண்டும். அதற்கு என்ன அளவுகோல் என்று என்னைக் கேட்டால், நான் பட்ட அடியிலிருந்து ஒன்றைச் சொல்வேன். யாருடைய பேருந்தை எடுக்கிறோமோ அவரிடம் போய், எடுக்கப் போகிறோம் என்று அவருக்குப் புரியும் பேச்சில் சொல்லுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று நின்று கேளுங்கள். அதற்குப் பிறகு பேனாவை நீட்டுங்கள். நான் பேனாவை மட்டும் நீட்டினேன்.

என்ன தலைவரே? நேரமாகிறதா? யூனிஸ் கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டுவிட்டார், தெரிகிறது. முடித்துவிடுகிறேன்.

புது மனு இதோ என் கையில். முந்தாநாள் கோவளம் போய்க் கங்கையம்மா வீட்டு வாசலில் நின்று, வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டேன். "முதல்ல எல்லாரு முன்னாடியும் படி. காதால கேட்டுட்டு அப்பறம் போடறதா வோணாமான்னு சொல்றேன்" என்றார். அதற்காகத்தான் இரண்டு வண்டி மாறி வந்து உட்கார்ந்திருக்கிறார். கங்கையம்மா, படிக்கிறேன், கேளுங்கள்.

"ஐயா, ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வந்துகொண்டிருந்த சாதாரணப் பேருந்தைத் திரும்ப விடுங்கள். குளிர்சாதனப் பேருந்து எட்டரை மணிக்குத் தனியாக ஓடட்டும். எங்கள் போன மனுவை நாங்கள் யாரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டோம். அது எங்கள் தவறு."

அவ்வளவுதான். மோனை இல்லை. யாரும் கைதட்டவில்லை, பார்த்தீர்களா? இதுதான் நான் எழுதியதில் கைதட்டு வாங்காத முதல் எழுத்து.

என்ன கங்கையம்மா? எழுந்து நிற்கிறீர்களே? உரக்கச் சொல்லுங்கள். தம்பி, அந்த மைக்கை அங்கே கொடு. என்ன? ஆமாம். ஆமாம்மா.

பெருமக்களே, கேட்டீர்களா? "எட்டரைக்கு ஏசி பஸ்ஸுன்னு எழுதிக்கீற. எங்க பஸ்ஸு எத்தினி மணின்னு எழுதலியே சார்" என்கிறார். பார்க்கிறேன். உண்மைதான். ஆறு மணி என்று எழுதவில்லை! நம் பிள்ளைகளின் நேரம் எனக்குத் தானாக வந்திருக்கிறது. அவர் நேரம் வரவில்லை. ஒரு மாதம் துணி துவைத்தும், கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதும், நாலு வரி எழுதுவதற்குள் மறுபடியும் மறந்துவிட்டேன். எட்டு மணிக்கு விட்டாலும் இந்த மனுப்படி அது சரியாகத்தான் இருந்திருக்கும். மீன் கெட்டிருக்கும். செல்லம்மா வந்திருக்கமாட்டார். நான் எல்லோருக்கும் நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

இதோ, உங்கள் முன்னாலேயே எழுதுகிறேன். "காலை ஆறு மணிக்கு." எழுதிவிட்டேன். மறுபடி படிக்கிறேன். "ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் காலை ஆறு மணிக்கு வந்துகொண்டிருந்த சாதாரணப் பேருந்தை, அதே நேரத்துக்குத் திரும்ப விடுங்கள்." இப்போது சரியா கங்கையம்மா?

வருகிறார். வழி விடுங்கள். மேடையிலேயே வந்து போடட்டும். தலைவரே, அந்த மாலையை நகர்த்துங்கள், மேசையில் இடம் வேண்டும். பேனா இந்தாங்க அம்மா. கையைத் துடைக்க வேண்டாம்.

ஒன்றாம் எண்ணுக்கு எதிரில் கங்கை என்று எழுதியாயிற்று. இரண்டாவது இடத்தில் நான் போடுகிறேன். என்னை இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், சாவியை எடுத்துக்கொண்டுபோன யூனிஸுக்கும், நின்று கேள்வி கேட்ட கங்கையம்மாவுக்கும், சிரித்தும் முறைத்தும் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றியும் வணக்கமும். கேசரி வாசலில் இருக்கிறது. அதற்கு முன்னால் தாள் உங்களிடம் வரும். தயவுசெய்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.